இரண்டு மீட்டரிலும் முப்பத்தெட்டு

ராய்ஸ் லாப்லாண்டுக்கு நான் தர வேண்டியிருந்தது தொள்ளாயிரத்து இருபத்து மூன்று டாலர், இருபது சென்ட். கைநீட்டி வாங்கின கடன் இல்லை. அவனுடைய ஆர்.ஓ. மிஷினில் மெம்பிரேன் இரண்டும் கெட்டுப்போனது. இரண்டுக்கும் சேர்த்து விலை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு டாலர் நாற்பது சென்ட். அதில் பாதி என் தலையில் விழுந்தது. வாரம் நாற்பது டாலராகக் கூலியில் பிடித்துக்கொள்வது என்று ஏப்ரல் கடைசியில் பேசி முடித்தோம். ராய்ஸின் மனைவி கோலெட் அதைக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராய்ஸுக்கு மலைச்சரிவில் நாலாயிரம் மேப்பிள் மரம். பனி இளகத் தொடங்கினதும் மரத்துக்கு மரம் குழாய் வழியாகச் சாறு இறங்கிக் கொட்டகைக்கு வந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு அது வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கை ஆர்.ஓ. மிஷின் முதலிலேயே பிரித்துத் தள்ளிவிட்டால் பாகு காய்ச்ச விறகும் மிச்சம், உடம்பும் மிச்சம். காய்ச்சுவது ராய்ஸ். மிஷின் அறை என் பொறுப்பு. கொட்டகைக்குள்ளேயே பலகை அடித்துத் தடுத்த சின்ன அறை அது. உறைந்துவிடாமல் இருக்க ஒரு ஹீட்டர் எரியும். சாவி என் இடுப்பில் இருக்கும். எட்டு வருஷமாக இருந்தது.

தண்ணீரைப் பிரித்துத் தள்ளுகிற சவ்வுதான் மெம்பிரேன், ரொம்பப் பொல்லாத பொருள். மரத்தூள், பூச்சி இறகு, சாறு பழசானால் அதில் வருமே ஒரு வழவழப்பு, எதுவும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் அதற்கு முன்னால் ஒரு நீலக் குடுவை, அதற்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஃபில்டர். குடுவைக்கு முன்னால் ஒரு பிரஷர் மீட்டர், பின்னால் ஒன்று. ஃபில்டரில் அழுக்கு ஏற ஏறப் பின்னால் இருக்கிற முள் இறங்கும். பத்து பவுண்டு வித்தியாசம் வந்தால் ஃபில்டரை மாற்று, அதுதான் ராய்ஸின் சட்டம். மணிக்கொரு தரம் இரண்டு மீட்டரையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

நான் எழுத்து படித்ததே ஐம்பத்தோரு வயதில்தான், ஊர் நூலகத்தில், செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில். அதற்கு முன்னால் மரம் அளந்த பழக்கத்தில் எண் மட்டும் தெரியும். அந்த நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, மேலே 'முன்', 'பின்' என்று தலைப்புப் போட்டது நான். அதைத் திறக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டுதான் திறப்பேன்.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் கையிருப்பு ஃபில்டர் தீர்ந்துவிட்டது. எப்போதும் வாங்கும் கடையில் ஒன்று இருபத்திரண்டு டாலர். ராய்ஸ் இன்டர்நெட்டில் தேடி எட்டு டாலருக்கு ஒரு பெட்டி வரவழைத்தான். நூல் சுற்றிய ஃபில்டர், பார்க்க நூல்கண்டு மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தது. குடுவையில் போட்டேன், மூடியை முறுக்கினேன், மிஷின் ஓடியது. முன்னால் முப்பத்தெட்டு, பின்னால் முப்பத்தெட்டு.

நாலு நாள் கழித்தும் அதே முப்பத்தெட்டு. ராய்ஸ் பாகு காய்ச்சுகிற தட்டில் நுரையை வழித்துக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னேன்.

"ராய்ஸ், முள்ளு அசையவே மாட்டேங்குது. ஃபில்டரை மாத்திடட்டுமா?"

"பத்து வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல."

"அப்புறம் எதுக்குய்யா மாத்துறே? காசு என்ன மரத்துலயா காய்க்குது?"

"உனக்கு மரத்துலதானே காய்க்குது."

"போய்யா!" என்று சிரித்தான். "இந்த வருஷம் சாறு அவ்வளவு சுத்தம். ஃபில்டரும் நல்ல ஃபில்டர். எட்டு டாலர்! அந்தக் கடைக்காரன் இத்தனை வருஷமா நம்ம தோலை உரிச்சிருக்கான் பாரு."

எனக்கும் சந்தோஷம்தான். போன வருஷங்களிலெல்லாம் ஏப்ரல் வந்தால் ஒரு நாளைக்கு மூன்று தடவை குடுவையைத் திறப்பேன். உள்ளே இருந்து வருவது செத்த மீன் மாதிரி வழுக்கும், புளித்த பால் மாதிரி நாறும். இந்த வருஷம் மனசு கேட்காமல் ஐந்து நாளைக்கு ஒன்று மாற்றினேன். எடுத்ததெல்லாம் மேலாக லேசான மஞ்சள், அவ்வளவுதான். தூக்கிப்போட மனசு வராமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதில் அத்தனை நூல் இருக்கிறதே, பீன்ஸ் கொடி கட்ட ஆகும்.

ஏப்ரல் நடுவில் மிஷின் திணறியது. பிரிந்து வருகிற தண்ணீர் பாதியாகக் குறைந்தது. சோப்பு போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஏறிவிட்டதால் தொட்டியில் நின்ற சாறு கெட்டு, நானூறு கேலனை ஓடையில் திறந்துவிட்டோம். கடையிலிருந்து ஓர் ஆள் வந்து மெம்பிரேனை உருவிப் பார்த்தான். முனையெல்லாம் பழுப்புச் சளி.

"ஃபில்டரைப் பார்த்துக்கிட்டது யாரு?" என்றான்.

ராய்ஸ் என் நோட்டை எடுத்துக் கொடுத்தான். அந்த ஆள் பக்கத்தைப் புரட்டினான். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. அடுத்த பக்கமும் அதேதான்.

"ஏப்ரல் மாசத்துல எந்தக் கொட்டகையிலயும் இப்படி இருக்காதுங்க. ஒரே மீட்டரைப் பார்த்துட்டு ரெண்டு கட்டத்துலயும் எழுதி வெச்சிருக்காங்க. நான் நிறைய இடத்துல பார்த்திருக்கேன்."

அவன் போன பிறகு ராய்ஸ் என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"டெல்மர், நிஜத்தைச் சொல்லு. ரெண்டையும் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ரெண்டையும்?"

இரண்டாவது தடவை கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஐம்பது வருஷம் எழுத்துத் தெரியாமல் ஓட்டினவனுக்குத் தான் எழுதினது சரிதானா என்கிற பயம் எப்போதும் உள்ளே இருக்கும். முன்னால் இருக்கிறதைப் பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் அதையே மறுபடி பார்த்தேனோ? பக்கத்துக் கட்டத்து எண்ணைப் பார்த்து எழுதினேனோ? படித்தவன் ஒருவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாதி என்னோடது, பாதி உன்னோடது," என்றான் ராய்ஸ். "வேலையை விட்டு நிறுத்த மாட்டேன். விறகு இருக்கு, குழாய் வேலை இருக்கு. ஆனா அடுத்த வருஷம் மிஷினுக்கு வேற ஆள் பார்க்கணும்."

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். கடனைவிட அதுதான் என்னைத் தின்றது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்கும் ராத்திரி படுத்தால் அந்த இரண்டு மீட்டரும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் நான் இரண்டையும் பார்ப்பேன். காலையில் எழுந்தால் மறுபடி சந்தேகம்.

ஜூலை முதல் வாரம் பீன்ஸ் கொடி ஏறத் தொடங்கியது. கட்டுவதற்கு நூல் வேண்டும். ஷெட்டில் கிடந்த ஃபில்டர் ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்துப் பிரித்தேன். மேல் சுற்று மஞ்சள். அடுத்த சுற்று வெள்ளை. அதற்கு அடுத்ததும் வெள்ளை. ஒரு கொடியைக் கட்டினேன், இரண்டு கட்டினேன், பத்து கட்டினேன். நூல் வந்துகொண்டே இருக்கிறது, கடையில் வாங்கினதுபோல வெள்ளையாக வந்துகொண்டே இருக்கிறது. ஐந்து நாள் சாறு இதற்குள் போயிருந்தால் நூல் இப்படியா இருக்கும்?

கொடியை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். மீதி மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். குடுவையின் அடியிலும் மூடியிலும் விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டு இருக்கும். மூடியை முறுக்கும்போது அது ஃபில்டரின் இரண்டு முனையிலும் கடித்துக்கொள்ளும். கழற்றினால் முனையில் வட்டமாகப் பல் பதிந்ததுபோலத் தடம் தெரியும். இந்த மூன்றிலும் மேல் முனையில் தடமே இல்லை. மூடி இதைத் தொடவே இல்லை.

அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். சாறு ஃபில்டருக்குள் போகவில்லை. மேலே இருந்த சந்து வழியாகத் தாண்டிப் போயிருக்கிறது. தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் முள் ஏன் இறங்கும்? முன்னால் முப்பத்தெட்டு, பின்னால் முப்பத்தெட்டு. நான் இரண்டையும்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்று ஃபில்டரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராய்ஸ் கொட்டகைக்குப் போனேன். அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோலெட் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன டெல்மர், லீவு நாள்ல? ரொட்டி தேய்க்கிற கட்டை மாதிரி எதையோ கொண்டு வர்றீங்க," என்றாள் அவள்.

"ராய்ஸ், மிஷின் ரூமைத் திற."

"எதுக்கு?"

"திறய்யா. சொல்றேன்."

என் குரல் எப்படி இருந்ததோ, அவன் கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு வந்து திறந்தான். குடுவையைக் கழற்றினேன். அலமாரிக்கு அடியில் காய்ந்து கிடந்த பழைய ஃபில்டர் ஒன்றை, எப்போதும் வாங்கும் கடையில் வாங்கினதை, முதலில் போட்டு, மூடியை முறுக்கி, குடுவையைத் தூக்கி அவன் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினேன். சத்தம் இல்லை. பிறகு நூல் ஃபில்டரைப் போட்டு, அதே மாதிரி முறுக்கிக் குலுக்கினேன்.

டொக், டொக், டொக்.

ராய்ஸ் என் கையிலிருந்து குடுவையை வாங்கித் தானே குலுக்கினான். மறுபடி குலுக்கினான். பிறகு டேப்பை எடுத்து இரண்டு ஃபில்டரையும் அளந்தான். நூல் ஃபில்டர் கால் அங்குலம் குட்டை.

"கால் அங்குலம்," என்றான்.

"அதுக்குள்ள நாலாயிரம் மரத்துச் சாறு போயிருக்கு," என்றேன்.

அவன் கோலெட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்குறே?" என்றாள் அவள். "மூணு நாள் உக்காந்து விலையைப் பாத்துப் பாத்து ஆர்டர் பண்ணது நீ. இருபது அங்குலம்னு போட்டிருக்கான்னு என்கிட்ட பெருமை வேற."

"இருபது அங்குலம்னுதான் போட்டிருந்தான்."

"நீ அளந்தியா?"

ராய்ஸ் டேப்பைச் சுருட்டி வைத்தான். அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்தான். அந்த இரண்டு பக்கத்தையும் விரலை வைத்து மெதுவாக, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தான். ஏப்ரலில் இப்படிப் பார்க்கவில்லை.

"நான் தினமும் இதைப் பாத்தேன்," என்றான். "பாத்துட்டு, நல்ல வருஷம்னு நினைச்சுக்கிட்டு தூங்கப் போனேன்."

"நானும்தான். எனக்காவது தோணியிருக்கணும். எட்டு வருஷமா முள்ளு இறங்காத ஏப்ரலை நான் பாத்ததே இல்லை. சந்தோஷத்துல கேக்கல."

"அன்னிக்கு உன்னை ரெண்டாவது தடவை கேட்டேன் பாரு," என்று நிறுத்தினான். "ஒரு தடவையோட விட்டிருக்கணும்."

ஃபில்டரிலிருந்து அவிழ்ந்து கிடந்த நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கோலெட் வீட்டுக்குள் போய்க் கணக்கு நோட்டையும் ஒரு தகர டப்பாவையும் எடுத்து வந்தாள். கொட்டகை வாசலில் கிடந்த ஒரு விறகுக் கட்டையின் மேல் இருபது டாலர் நோட்டு பதினெட்டை எண்ணி வைத்தாள்.

"ஒன்பது வாரம் பிடிச்சது. முந்நூத்தி அறுபது. எடுத்துக்கோங்க டெல்மர்." பிறகு கண்ணாடியை இறக்கி நோட்டைப் பார்த்தாள். "பாக்கி ஐந்நூத்தி அறுபத்து மூணு டாலர் இருபது சென்ட். அடிச்சிடட்டுமா?"

"ஐந்நூத்தி அறுபத்து மூணை அடி," என்றான் ராய்ஸ். "இருபது சென்டை விட்டு வை."

"எதுக்குய்யா அது?" என்றேன்.

"ஏப்ரல்ல அழுக்கே படாத ஃபில்டரைப் பாத்து சந்தோஷப்பட்டேல்ல. அதுக்கு."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பையில் துழாவிப் பத்து சென்ட் காசு இரண்டை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தேன். கோலெட் அதை டப்பாவில் போடவில்லை. ராய்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன?" என்றான் அவன்.

"உன்னோடது?"

அவன் இரண்டு பையையும் வெளியே இழுத்தான். மரச்சிராய் கொட்டியது. கூடவே ஒரு கால் டாலர் விழுந்தது.

"சில்லறை இல்லை. கால் டாலர்தான் இருக்கு."

"வை," என்றாள் கோலெட். "நீதான் ஜாஸ்தி சந்தோஷப்பட்டே."

அவன் வைத்தான். அவள் என் பெயருக்கு நேராகப் பூஜ்யம் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்தாள். ராய்ஸ் மிஷின் அறையைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டாமல் கொண்டுவந்து, கட்டையின் மேல் அந்தப் பணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோடரியை எடுக்கப் போனான்.