சிப்பாய்க்கு வந்த வாதம்

ஜப்பானோடு நடந்த சண்டை ஓய்ந்து ஆவடி ராணுவ முகாம் காலியாகத் தொடங்கிய நாட்களில் சொர்ணத்துக்கு ஒரு நாய்க்குட்டி கிடைத்தது. முகாமின் சமையற்கொட்டகையில் அவளும் அவள் நாத்தனார் பொன்னியம்மாவும் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார லாரி டிரைவர் ஒருவன் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டியைச் சொர்ணத்தின் மடியில் போட்டான். இங்கிலீஷில் ஏதோ சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியவில்லை.

பருத்திப்பட்டில் அவர்கள் வீட்டில் மூன்றே பேர். சொர்ணம், செங்கல் சூளையில் வேலை செய்யும் அவள் புருஷன் மதுரைவீரன், அவன் தங்கை பொன்னியம்மா. மூவரும் சேர்ந்து குட்டிக்குச் சிப்பாய் என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்றரை மாதத்தில் சிப்பாய் மளமளவென்று வளர்ந்தது. ஆனால் வளர்ந்த விதம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. முன்னங்கால் மூட்டுகள் மாங்கொட்டை போலப் புடைத்துக்கொண்டன. பாதம் ஒவ்வொன்றும் கிண்ணம் அளவு. நாலடி நடந்தால் நாலு காலும் நாலு திசைக்குப் போகும், முகவாய் தரையில் மோதும்.

மதுரைவீரன் பயந்துபோய் அதைப் பூந்தமல்லிக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே கோதண்டம் என்று ஒரு வைத்தியர். ஜட்கா குதிரைகளுக்கு மருந்து போட்டுப் பேர் வாங்கியவர். அவர் குட்டியை எட்ட நின்றே பார்த்தார்.

"மூட்டுல வாதம் எறங்கிட்ச்சி. நாலு கால்லயும் கீது. ஒரு மண்டலம் தரையில கால் படக் கூடாது. பட்டா ஒடஞ்சிடும். அப்பவும் சரியாவலன்னா ஏரிக்கரைல உட்டுட்டு வந்துடு" என்றார். கருப்பாக ஒரு பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்து, நாலு காலிலும் துணி சுற்றி அனுப்பினார்.

அன்றிலிருந்து சிப்பாய் தரையை மிதிக்கவில்லை. மூன்று பேரும் முறை போட்டுச் சுமந்தார்கள். காலையில் மதுரைவீரன் அதை வேலியோரம் கொண்டுபோய்க் குழந்தையைப் பிடிப்பது போல அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "போ நைனா, போ" என்று கெஞ்சுவான். அந்தரத்தில் சிப்பாய்க்கு வராது. திரும்பத் தோளில் சாய்த்துக்கொண்டதும் நிம்மதியாக அவன் மார்பிலேயே போகும்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா வீரா, புள்ள பொறந்துகீதா?" என்பாள்.

ஆறாம் நாள் மத்தியானம் சிப்பாய் பாயில் மல்லாந்து கிடந்தது. ஓர் ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. அதை விரட்ட எண்ணிச் சிப்பாய் விட்ட உதையில் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பு சுவரில் போய் மோதியது. சொர்ணம் செம்பைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள்.

"பொன்னி, வாதம் வந்த காலு இப்டியா ஒதைக்கும்?"

"இன்னொரு டாக்டராண்ட காட்லாமா அண்ணி?"

சாயங்காலம் சூளையிலிருந்து வந்த மதுரைவீரன் ஒப்பவில்லை. "கோதண்டம் ஐயா இருவது வருசமா குதிரை பார்க்கறவரு. அவருக்குத் தெரியாததா?"

"நானும் அதத்தான்யா சொல்றேன். அவரு பார்த்தது குதிரை. இது நாயி."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே ரயில் டிக்கெட்டுக்குக் காசை எடுத்து வைத்தான்.

மறுநாள் முகாமில் லீவு சொல்லிவிட்டு இரண்டு பெண்களும் வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ரயில் பெட்டியில் நாயை ஏற்ற விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால், சிப்பாயைக் கூடையில் படுக்க வைத்து மேலே முருங்கைக்கீரையைப் பரப்பினார்கள். ஆவடியில் ஏறி உட்கார்ந்தபோதே இருவருக்கும் உள்ளுக்குள் சிரிப்பு குமிழியிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார்கள்.

அம்பத்தூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். சரியாக அவர் எதிரே வந்து நின்றபோது கீரை தும்மியது.

பொன்னியம்மா உடனே தானும் தும்மினாள். பரிசோதகர் தலையை ஆட்டிவிட்டு டிக்கெட்டை வாங்கினார். கீரை மறுபடி தும்மியது. பொன்னியம்மாவும் தும்மினாள். மூன்றாவது தடவை கீரை தும்மவில்லை, குரைத்தது. பொன்னியம்மா யோசிக்காமல் தானும் குரைத்துவிட்டாள்.

பெட்டியே திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு கிழவர் கெக்கெக்கென்று ஆரம்பித்தார், அத்தனை பேரும் சிரித்தார்கள். சொர்ணம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், கண்ணில் நீர் கொட்டியது. பரிசோதகரும் சிரித்தார். ஆனால் சட்டம் சட்டம்தான் என்று வில்லிவாக்கத்தில் இறக்கிவிட்டார்.

"அடிப்பாவி, ஏன்டி கொரைச்ச?"

"தும்மலுக்குத் தும்மினேன் அண்ணி. அது கொரைச்சா நான் இன்னா பண்ணுவேன்?"

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு கூடையை மாற்றி மாற்றிச் சுமந்து, அயனாவரம் வழியாக நடக்க ஆரம்பித்தார்கள்.

வழியில் ஒரு குட்டையோரம் இளைப்பாறக் கூடையை இறக்கினார்கள். குட்டையிலிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று வரிசையாகக் கரையேறி வந்தது. கீரைக்குள்ளிருந்து சிப்பாயின் தலை எழுந்தது. அவர்கள் கை நீட்டுவதற்குள் அது கூடையோடு கவிழ்ந்து, எழுந்து, ஓடியது. ஒரு காலின் கட்டு அவிழ்ந்து வால் போல நீளமாகப் பின்னால் இழுபட்டது. மூங்கில் சிம்புகள் சடசடவென்று உதிர்ந்தன. வாத்துகள் கத்திக்கொண்டு தண்ணீரில் விழுந்தன. சிப்பாயும் விழுந்தது.

"கால் பட்டா ஒடஞ்சிடும்னாரே!" என்று அலறிக்கொண்டு சொர்ணம் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். சேறும் பாசியுமாகத் தூக்கிய குட்டியின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒன்றும் உடைந்திருக்கவில்லை. சிப்பாய் அவள் மூக்கை நக்கியது.

"அண்ணி, இனிமே டாக்டர் எதுக்கு?"

"நம்ம கண்ணு பார்த்ததச் சொன்னா உங்க அண்ணன் நம்பமாட்டாரு. டாக்டர் வாயால கேட்டுகினு போவணும்" என்றாள் சொர்ணம். ஆனாலும் அவளுக்குள் ஒரு மூலையில் பயம் இருந்தது. ஓடியதால் உள்ளே ஏதாவது ஆகியிருந்தால்?

ஆஸ்பத்திரியில் பரந்தாமன் என்ற டாக்டர் இருந்தார். தொந்தியும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்த அவர், ஈரப் புடவையோடு நின்ற இரண்டு பெண்களையும் பாசி பூசிய குட்டியையும் பார்த்துவிட்டு மேஜையைக் காட்டினார். மிச்சமிருந்த கட்டுகளை அவிழ்த்தார். ஒவ்வொரு மூட்டாக மடக்கினார், நீட்டினார், விரலால் அழுத்தினார். சிப்பாய் அவர் கண்ணாடியைப் பிடிக்கப் பார்த்ததே தவிர, ஒரு முனகல் இல்லை. தரையில் இறக்கி நடக்க விட்டுப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்.

"வயசு என்னம்மா?"

"ரெண்டரை மாசம் இருக்கும் டாக்டரய்யா. வாதம்னு சொன்னாங்க."

"வாதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. இந்தப் புடைப்பு எலும்பு வளர்ற இடம். பெரிய ஜாதி நாய்க்குக் குட்டியில இப்படித்தான் இருக்கும். கால் முன்னாடி வந்துடுச்சு. நாய் பின்னாலே வந்துக்கிட்டிருக்கு."

சொர்ணத்துக்கு மூச்சு வந்தது. "பெரிய ஜாதின்னா எவ்ளோ பெருசு?"

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அவள் இடுப்புக்கு நேராகக் கையை நீட்டிக் காட்டினார். "கிரேட் டேன்னு பேரு. கலப்பு இருக்கலாம். ஆனா கன்னுக்குட்டி கணக்கா வரும்."

"அப்ப நாங்க எங்க படுக்கறது?" என்றாள் பொன்னியம்மா.

டாக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் ஓடிவந்தார்கள். பத்துப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை மூட்டை அமுக்கிப் பார்த்தார்கள். சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் ஒரு நக்கு கொடுத்தது.

"கட்டிப் போடாதே, தூக்கிச் சுமக்காதே. காலை வெயில் படட்டும். எலும்பு ரசமும் மீனும் கொடு. ரொம்பக் கொழுக்க விடாதே, உயரத்திலேருந்து குதிக்க விடாதே. மூட்டு கெட்டிப்பட ஒரு வருஷம் ஆகும்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது ரயிலின் கடைசியிலிருந்த கார்டு பெட்டியில் நாய்க்கென்று இருக்கும் கூண்டில் டிக்கெட்டோடு சிப்பாய் வந்தது. ஆவடியில் மதுரைவீரன் காத்திருந்தான். வெறும் காலோடு குட்டி பிளாட்பாரத்தில் தள்ளாடித் தள்ளாடி வருவதைக் கண்டதும், "ஐயோ, தூக்குங்க! தூக்குங்க!" என்று பாய்ந்தான். சிப்பாய் அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டு ஓடியது. அவன் துரத்தினான். ஸ்டேஷனைத் தாண்டி, வரப்பில் ஏறி, ஈர வயலில் இருவரும் ஒன்றாகச் சறுக்கி விழுந்தார்கள்.

சேற்றில் உட்கார்ந்தபடியே அவன் குட்டியின் முன்னங்காலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "வலிக்குதா? வலிக்கலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

சொர்ணம் வரப்பில் நின்று டாக்டர் சொன்னதை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். கடைசியாக இடுப்பளவுக்குக் கையை நீட்டிக் காட்டினாள். மதுரைவீரன் அந்தக் கையையே பார்த்தான். பிறகு தூரத்தில் தெரிந்த தங்கள் குடிசையைப் பார்த்தான். குனிந்தால்தான் அவனே நுழைய முடிகிற வாசல் அதற்கு.

"சொர்ணம்."

"இன்னாய்யா?"

"நாளைக்கு நான் சூளைக்குப் போவல" என்றான். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "கூரையைப் பிரிக்கணும். ஊட்டை ஒசத்திக் கட்டணும்."

பொன்னியம்மா சந்தோஷம் தாளாமல் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வயலில் குதித்தாள்.