வெளியாள்

"வக்கீல் வீட்டுக்கு எதுக்குப் போனே?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கையின் கை அப்படியே நின்றது. அண்ணன், ஒரு வாரமாக நீட்டிக்கொண்டிருந்த பத்திரத்தை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அப்பா விட்டுப்போன வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லாருமே எழுதிக்கொடுத்தவர்கள்தான். அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்திருந்தார்கள். கணவனைப் பறிகொடுத்து, முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுப் பிழைப்பவள் அவள். கையெழுத்துப் போட்டால் அந்த அறையும் போச்சு.

வக்கீலிடம் யோசனை கேட்கப் போனதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரில் பெரிய வக்கீலான அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை நேரே அவரிடமே போய்க் கேட்டாள். கொலைகாரன் சொன்னதைக்கூட முப்பது வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருப்பதாகப் பெருமையடித்துக்கொள்ளும் மனிதர் அவர். கொஞ்சமும் கூசாமல் சிரித்தார்.

"உங்க அண்ணன்கிட்டதானேம்மா சொன்னேன். வெளியாள்கிட்டயா சொன்னேன்?"

கொலைகாரனுக்கு உண்டு ரகசியம், தையல்காரிக்குக் கிடையாது. தண்ணீர் கொண்டுவந்த வக்கீலின் மனைவி, டம்ளரை வைத்த பிறகும் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

அடுத்த வாரம் தையல்காரி, இரண்டு தெரு தள்ளிப் புதிதாக ஆபீஸ் போட்டிருந்த பெண் வக்கீலைத் தேடிப் போனாள். உள்ளேயிருந்து அந்தப் பெரிய வக்கீலின் மனைவி வெளியே வந்தாள். அந்த அம்மாள் லேசாகத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

தையல்காரி பாதி சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. பெரிய வக்கீல்தான். கோர்ட்டில் கடைசி வரிசைவரை எட்டும் அவருடைய குரல், ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. தன் மனைவி அங்கே நுழைந்ததை யாரோ பார்த்தார்களாம். என்ன விஷயமென்று உடனே தெரிய வேண்டுமாம்.

"யார் வந்தாங்க, வரலைன்னு நான் சொல்றதில்லை சார்."

"நான் அவ புருஷன்மா. நான் என்ன வெளியாளா?"

"ஆமா சார்."

பெண் வக்கீல் ஃபோனை வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்க சொல்லுங்கக்கா."

தையல்காரி கையெழுத்துப் போடாத பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.