அண்ணிக்கு வேண்டிய முடிவு

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. அண்ணி சொன்னது. "வீட்டை விட்டுப் போகும் ஒருவர்" என்று கதை எழுதும் மாலை வகுப்பில் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், ஒன்றும் ஓடவில்லை என்று புலம்பினேன். அண்ணி வெங்காயம் உரித்தபடியே, "துணிக்கடையில என்கூட வேலை பார்த்த ஒருத்தி கதை இருக்கு. எழுதிக்கிறியா?" என்றார்.

தொடக்கங்கள்:

அவள் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அந்தப் பை எப்போதும் தயாராக

கணவன் நல்லவன்தான், ஆனால்

('ஆனால்' போட்டதும் நான் யார் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. முதல் வரியையே வைத்துக்கொண்டேன்.)

2

கதையில் வரும் கணவன் அடிப்பதில்லை, குடிப்பதில்லை. மனைவியிடம் யார் எதைக் கேட்டாலும் அவன் பதில் சொல்லிவிடுவான். அவ்வளவுதான். வகுப்பில் வாசித்ததும், பக்கத்தில் உட்காரும் மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

"இதுக்குப் போயி வீட்டை விட்டுப் போவாங்களாம்மா? அப்போ என் வீட்ல யாருமே இருக்க மாட்டாங்க."

எனக்கும் அவள் மேல் சந்தேகம் வந்தது. காரணம் போதவில்லை. கணவனை ஒரு தடவையாவது அவளை அறைய வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"அவ அப்பவே சாப்பிட்டாச்சு," என்றான் அண்ணன்.

அண்ணியின் தட்டு காலையில் கழுவிக் கவிழ்த்தபடியே காய்ந்து கிடந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

(அண்ணனைப் பற்றி ஒரு குறிப்பு: வகுப்புக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது அவன்தான். நல்லவன்தான்,)

3

துணிக்கடையில் அப்படி ஒருத்தி இருந்தாளா? அண்ணியின் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் கதையை எழுத முடியாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தையும் நான் நம்பவில்லை.

அண்ணி தினமும் கேட்கிறார். "முடிவு எழுதிட்டியா? போறாளா, இல்லையா?"

"நிஜத்துல என்ன ஆச்சு அண்ணி?"

"அதுக்குள்ள நான்தான் வேலையை விட்டுட்டேனே. எனக்கெப்படித் தெரியும்? எழுத்தாளர் நீதான், நீ சொல்லு."

அவர் சொல்ல நான் எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். இப்போது, நான் எழுதுவதைச் செய்யக் காத்திருக்கிறாரோ என்று படுகிறது. அவள் போவதுதான் கதைக்கு நல்லது. தங்கினால் மருந்துக்கடைக்காரர் கொட்டாவி விடுவார். அவள் தங்கினால் எனக்கு நல்லது. இந்த வீட்டில் நான் பேசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணிக்கு எது நல்லது என்று

4

இன்று மாலை இரண்டு முடிவுகளையும் வாசித்துக் காட்டினேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

முதல் முடிவில் அவள் பையைப் பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் திரும்ப அடுக்குகிறாள். "ம்," என்றார் அண்ணி. இரண்டாவதில் ஞாயிற்றுக்கிழமை, கணவன் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரம், அம்மா ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறாள். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எது சரி அண்ணி? நீங்களே சொல்லுங்க."

அண்ணி வாயைத் திறந்தார்.

"அவளுக்கென்னடி தெரியும் கதையைப் பத்தி?" கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல். "ரெண்டாவதே நல்லா இருக்கு. அதையே வை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. ஒரு சட்டையை உதறி மடித்தார்.

"ஞாயித்துக்கிழமை அந்த பஸ் ஓடாது," என்றார் மெதுவாக. "சனிக்கிழமைன்னு மாத்திக்கோ."

5

மாற்றிவிட்டேன். அப்போது வேறெதையும் தொடவில்லை. பிறகு இரண்டு முடிவுகளையும் கிழித்துப் (கிழிக்கவில்லை, கோடு போட்டு அடித்திருக்கிறேன்.)

இன்று வெள்ளி. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் தயவுசெய்து சத்தமாக வாசிக்காதீர்கள். பக்கத்து அறையில் அண்ணி இன்னும் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். எதில் அடுக்குகிறார் என்று இங்கிருந்து தெரியவில்லை.