புகை வராத சவுனா

என் தங்கை ஹெல்வியின் கணவன் இல்மரி நல்லவன். நன்றாகச் சமைப்பான், குடித்தால் கத்தமாட்டான், கேட்காமலே என் கார் பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுப்பான். ஒரே குறை, சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கு வரமாட்டான். எங்கள் ஊரில் அது சின்னக் குறை இல்லை.

கல்யாணமான முதல் கோடையில் அவனுக்கு ஜலதோஷம். அடுத்த வருடம் படபடப்பு. அதற்கடுத்த வருடம், ஏரிக்கரையில் எல்லோரும் துண்டோடு நிற்கும் நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன். சனிக்கிழமை சாயங்காலம் ஃபின்லாந்தில் எந்த ஆபீஸ் போன் செய்யும்? பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும். அது அவனிடம் கிடையாது.

அப்பாவுக்கு இதில் தீராத கோபம். அவருக்குப் பேச்சு என்றாலே பிறந்தமேனியாக மேல்பெஞ்சில் உட்கார்ந்து, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வெந்துகொண்டே பேசுவதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்று நான் அவரிடம் சொன்னது அங்கேதான். அம்மாவின் நோயைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதும் அங்கேதான். துணி போட்டுக்கொண்டு அவர் பேசியதெல்லாம் மீனும் மழையும்தான்.

"எங்கூட பெஞ்சுல உட்காராதவன் ஹெல்விக்குப் புருஷனா இருந்துட்டுப் போகட்டும். எனக்கு மாப்பிள்ளை இல்ல," என்பார். சொன்னபடியே நாலு வருடமாக ஒருமுறைகூட அவனை மாப்ளே என்று கூப்பிட்டதில்லை.

போன கோடையில் பழைய சவுனா இடிந்துவிழும் நிலைக்கு வந்தது. புதிது கட்ட அப்பாவுக்குக் கைகொடுத்தது நான் இல்லை, எனக்கு முதுகுவலி. இல்மரிதான் வாராவாரம் வந்து மரம் செதுக்கினான், தூக்கினான், அடுக்கினான். வெயில் கொளுத்தியபோதும் அந்தத் தொளதொள சட்டையைக் கழற்றவில்லை. இந்த வசந்தத்தில் கூரை ஏறியதும் அப்பா சொல்லிவிட்டார்.

"நடுக்கோடைத் திருநாளுக்கு முதல் நெருப்பு. இல்மரிதான் பத்த வைக்கணும். உள்ள வந்து உட்காரவும் செய்யணும். அன்னிக்கும் சாக்கு சொன்னா, இந்தக் கரைப்பக்கமே இனிமே வரவேண்டாம்."

ஜூன் தொடக்கத்தில் இல்மரி எனக்குப் போன் செய்தான்.

"மச்சான், தாம்பெரே ஆஸ்பத்திரில எனக்கு ஒரு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பாங்க, கூட ஆள் வந்தாத்தான் வீட்டுக்கு விடுவாங்களாம். ஹெல்வி கப்பல் டியூட்டில இருக்கா."

"என்ன ஆபரேஷன்?"

"நெஞ்சுல."

நான் பதறிப்போய்க் காரை ஓரம் கட்டினேன். "ஹார்ட்டா?"

"அய்யோ, அது இல்ல மச்சான். அதுக்கு மேல. வெளிப்பக்கம். பொம்பளைங்களுக்கு இருக்கிற மாதிரி எனக்குக் கொஞ்சம்..."

நாலு வருடப் பொய்களும் ஒரே நொடியில் விளங்கிவிட்டன. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். கொஞ்சம் சிரித்தும்விட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவனே சொன்னான். ஓடியும் பார்த்தானாம், தண்டால் எடுத்தும் பார்த்தானாம். வெறும் கொழுப்பென்றால் கரையும், இது சுரப்பி, கரையாது என்றாராம் டாக்டர். இப்போதெல்லாம் பெரிதாக அறுப்பதில்லை. அக்குள் ஓரமாகச் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சிவிட்டு, அதே வழியாகச் சுரப்பியையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடுகிறார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீடு.

"இதை அப்பாகிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா அப்புறம் நான் உள்ள வர்றப்பல்லாம் என் நெஞ்சைத்தான பார்ப்பாரு? எல்லாரையும் மாதிரி சும்மா வந்து உட்காரணும் மச்சான். அவ்வளவுதான்."

அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை, சாயங்காலம் வரைக்கும்.

சாயங்காலம் போனபோது அவனை ஓர் இறுக்கமான பனியனுக்குள் திணித்து உட்காரவைத்திருந்தார்கள். பனியனை ராத்திரியும் கழற்றக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அப்புறம் சவுனா. அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அஞ்சு வாரம் கூடாது."

இல்மரியின் முகம் வெளுத்தது. "நடுக்கோடைக்குமா?"

"அதுக்கு ரெண்டு வாரம்தான இருக்கு? நீங்க முதல்லயே கேட்கலையா? இங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க. வலிக்குமாங்கிறதெல்லாம் அதுக்கப்புறம்தான்."

இவன் கேட்கவில்லை. சவுனா பக்கமே போகாதவனுக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றும்? சவுனாவுக்குப் போவதற்காகவே ஆபரேஷன் செய்துகொண்டு, சவுனாவைக் கணக்கில் சேர்க்க மறந்த ஒரே ஃபின்லாந்துக்காரன் என் மைத்துனன்தான். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "சிரிக்க வைக்காத மச்சான், தையல் இழுக்குது," என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவனும் சிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாமா என்னை இனிமே சேர்க்கமாட்டாரு," என்றான்.

திருநாள் வந்தது. ஏரியைச் சுற்றி எல்லாக் கரையிலும் சவுனாப் புகை எழுந்தாயிற்று. ஹெல்வி புது உருளைக்கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஆவியில் உடம்பைத் தட்டிக்கொள்ள பிர்ச் மரக்கிளைகளைக் கட்டி வாளியில் ஊறப்போட்டுவிட்டு, அப்பா தீப்பெட்டியை இல்மரியின் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்ன, ஆபீஸ்லேந்து போன் வருதா?" என்றார் அப்பா.

"பத்த வைக்கிறேன் மாமா. உள்ள வர முடியாது."

அப்பாவின் முகம் சிவந்தது. "நீ தூக்கின மரம், நீ அடிச்ச பெஞ்சு. அதுல எங்கூட உட்கார மட்டும் உனக்கு ஆகாது. நாங்க என்ன அவ்வளவு மட்டமா?"

இல்மரி ஹெல்வியைப் பார்த்தான். அவள் கரண்டியோடு நின்று தலையசைத்தாள். அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, உள்ளே இருந்த பனியனைக் காட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"இதுக்கா?" அப்பா தன் சட்டையைத் தூக்கினார். "எனக்குந்தான் தொங்குது. எதிர்க்கரை ஔலிஸுக்கு என்னைவிடப் பெருசு. யாருடா பார்க்கிறா?"

"உங்களுக்கு வயசாகி வந்தது மாமா. எனக்குப் பதிமூணு வயசுல. நீச்சல் வகுப்புல பசங்க எனக்கு ஒரு பொண்ணு பேரை வச்சாங்க. பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் அதுதான் என் பேரு."

அப்பா மெதுவாகச் சட்டையை இறக்கிவிட்டார். அவர் கோபப்பட்டு நிறையப் பார்த்திருக்கிறேன், வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"எப்ப ஆறும்?"

"இன்னும் மூணு வாரம்."

தீப்பெட்டியைத் திரும்ப வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "அப்போ மூணு வாரம் கழிச்சுப் பத்த வை."

எனக்கு வயிறு எரிந்தது. காலையிலிருந்து இதற்காகவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். "அப்பா! இன்னிக்கு நடுக்கோடை! அவன் வெளிய இருக்கட்டும், நாம ரெண்டு பேரும்..."

"நீ ஒரு மரம் தூக்கினியா? வாயை மூடு."

குளிர்ந்து கிடந்த சவுனாவுக்குள் போய், துணியோடு, ஆளுக்கொரு பீரோடு உட்கார்ந்தோம். புது மர வாசனையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஹெல்வி உருளைக்கிழங்கை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் துடுப்புச் சத்தம் கேட்டது. ஔலிஸ் படகைப் பாதி இழுத்துப் போட்டுவிட்டு, அப்பாவின் பெயரைக் கத்திக்கொண்டே மூச்சிரைக்க ஓடிவந்தார். தலைகூடத் துவட்டவில்லை.

"ரெய்யோ! உங்க சவுனால புகையே வரலையே! யாருக்கு என்ன ஆச்சு?"

இல்மரி அவசரமாகப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். அப்பாவுக்குப் பொய்யே வராது. பிடித்த மீனின் எடையைக்கூடக் கூட்டிச் சொல்லாதவர் அவர்.

"அடுப்புப் பூச்சு இன்னும் காயல," என்றார் அப்பா.

ஔலிஸ் குனிந்து பூச்சைத் தொட்டுப் பார்த்தார். எப்போதோ காய்ந்துபோன பூச்சு. அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா கூரையைப் பார்த்தார்.

"சரி, அப்படின்னா எங்க வீட்டுக்கு வாங்க. கல்லு இன்னும் சூடாத்தான் இருக்கு."

நான் எழுந்தேவிட்டேன். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"வேண்டாம் ஔலிஸ். நாங்க இங்க பேசிட்டிருக்கோம்."

படகு போய்விட்டது. இல்மரி கீழ்ப்பெஞ்சின் ஓரத்தில் பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தான். "எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே மாமா."

"ஆமா. உன்ன மாதிரியே கேவலமா சொன்னேன்."

அப்பா மேல்பெஞ்சில் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

"மேல ஏறி உட்காரு மாப்ளே. பார்த்து, கையை ஊனாத. தையல் இழுக்கும்."