மூட்டையின் நகத்தை வெட்டியது யார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இந்தக் கதை பூனை மேல் உள்ள பாசத்தில் பிறக்கவில்லை. பதிப்பாளரின் நச்சரிப்பில் பிறந்தது.

இதை எழுதுகிறவள், பூனை துப்பறியும் நாவல்கள் எழுதிக் காலம் தள்ளுகிறவள். 'நான்' என்று சொல்லாமல் 'எழுதுகிறவள்' என்று ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும் சில காரியங்களை அவள் செய்தாள் என்று சொல்வது, நான் செய்தேன் என்பதைவிடச் சுலபம். அவளுடைய நாயகன் நீதிபதி என்னும் சாம்பல் நிறப் பூனை. ஒவ்வொரு நாவலிலும் இரண்டாம் அத்தியாயத்துக்குள் யாராவது செத்துப்போவார்கள். விரிப்பு அழுக்காகாமல், மற்றவர்களின் தேநீர் ஆறாமல், பாங்காகச் சாவார்கள். பிறகு நீதிபதி ஒவ்வொருவர் மடியிலும் ஏறி உட்கார்ந்து பார்க்கும். எந்த மடியில் தூக்கம் வராமல் இறங்குகிறதோ அந்த மடிக்காரர்தான் கொலையாளி. அவரும் உடனே ஒப்புக்கொள்வார். பூனையே சொன்ன பிறகு வக்கீல் வைத்து வாதாடுகிற நெஞ்சழுத்தம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.*

பதிப்பாளர் தொலைபேசியில் சொன்னார்:

"இந்தத் தடவை கொலை வேண்டாம் மேடம். பூனையோட வாழ்ற சந்தோஷத்தைப் பத்தி ஒரு தொகுப்பு போடறோம். உங்க வீட்டுப் பூனையை வெச்சு, நிஜமா நடந்த கதை ஒண்ணு குடுங்க."

"நிஜத்துல அது தின்னும், தூங்கும். அவ்வளவுதான் சார்."

"அதையே எழுதுங்க. நடுவுல கொஞ்சம் மர்மம் மட்டும் வெச்சிடுங்க. அட்டையில தேநீர்க் கோப்பை போட்டாச்சு."

அட்டையில் கோப்பை போட்டாகிவிட்டது என்றால் கதையை எழுதித்தான் தீர வேண்டும்.

* இந்த வகை வாசகர்கள் இளகிய மனம் படைத்தவர்கள். ஐந்தாவது நாவலில் எழுதுகிறவள் ஒரு குடும்பத்தையே விஷம் வைத்துத் தீர்த்தாள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆறாவதில் நீதிபதி ஓர் இரவு குளியலறையில் அடைபட்டுக் கிடந்தது. நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன.

2

தொடக்கம் ஒன்று: பூனை இல்லாத வீடு என்பது

(வேண்டாம். இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் நாட்காட்டியில் போட்டுவிடுவார்கள்.)

தொடக்கம் இரண்டு: மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அடைமழை.

(அன்று சுள்ளென்று வெயில். ஆனால் கதையில் வரும் பூனை நனையாமல் வந்தால் வாசகர் ஏற்றுக்கொள்வதில்லை.)

தொடக்கம் மூன்று: மூட்டைக்குப் பன்னிரண்டு வயது. [பன்னண்டு இல்ல. பதினாலு.] நீதிபதிக்கு முன்மாதிரி அதுதான் என்று எழுதுகிறவள் பேட்டிகளில் சொல்வதுண்டு. நீதிபதி ஒரே பார்வையில் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். மூட்டைக்குத் தன் வால் தன்னுடையதுதான் என்பதிலேயே இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நாளெல்லாம் எழுதும் மேசைமேல் பெயருக்கேற்றபடி கிடக்கும். "மூட்டையின் ஒவ்வொரு அசைவையும் கவனித்துத்தான் எழுதுகிறேன்" என்றும் பேட்டிகளில் சொல்வதுண்டு. [பொய்.]

மூன்றாவதே இருக்கட்டும்.

3

மர்மத்தைத் தேடி எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. அதுவாக வந்து மடியில் ஏறியது.

மூட்டை மடியில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. ஏறியதும் முன்கால்களால் மாற்றி மாற்றித் தொடையை மிதிக்கும். நகம் துணியைத் தாண்டிக் குத்தும். எழுதுகிறவள் "சனியனே" என்பாள். அது திருப்தியாகப் படுத்துக்கொள்ளும். பதிப்பாளர் பேசிய மறுநாள் மூட்டை மிதித்தது, ஆனால் குத்தவில்லை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலது முன்காலில் நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. ஏனோதானோவென்று வெட்டிய வேலை இல்லை. சின்னக் கத்தரியால் [கத்தரி இல்ல, நகவெட்டி. குழந்தைங்களுக்குன்னு இருக்கறது.] நுனியை மட்டும் எடுத்து, முனை மழுங்க ராவியும் விட்டிருந்தது. பாதத்தின் அடியில் பொருக்குத் தட்டிய சின்னப் புண் ஒன்றும் இருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புண்ணில் மர்மம் எதுவும் இருப்பதாகப் படவில்லை.

அடுத்தடுத்து இடது முன்கால் ஆனது. பிறகு பின்கால் ஒன்று.

நகத்தைத் தொட வந்த கால்நடை மருத்துவரையே மேசைக்கு அந்தப் பக்கம் துரத்திய பூனை இது. அதன் பாதத்தைப் பிடித்து உட்கார்ந்து ராவிவிட்டது யார்? எத்தனையோ சாவுகளைத் துப்பறிந்த எழுதுகிறவளுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிஜக் குற்றம் கிடைத்தது. குற்றம் என்னவென்றால், யாரோ அவளுடைய பூனையை அவளைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கொலையாக இருந்தால் தாங்கியிருப்பாள்.

4

இந்த வகைக் கதையில் சந்தேகப்படக் குறைந்தது ஆறு பேராவது வேண்டும். சொத்துக்காரக் கிழவர், அவருடைய இரண்டாம் மனைவி, கடன்காரத் தம்பி மகன், தோட்டக்காரர், இப்படி. நிஜத்தில் கிடைத்தது இரண்டே பேர்.

ஒருவர் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறார். கொஞ்ச நாளாக, மாலையில் "மூட்டையைக் காத்தாடக் கூட்டிட்டுப் போறேன்" என்று தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார். எழுதுகிறவள் அதைக் கவனிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

மற்றவள் அக்கா. நேர் கீழ் வீட்டில் தனியாக இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளின் வார்டில் நர்ஸ். ஒருத்திக்கொருத்தி ஒத்தாசையாக இருக்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்து அலைந்து பிடித்த வீடுகள் இவை. மூன்றாவது நாவல் வெளிவந்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. படியில் எதிரே வந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி கைப்பிடியைப் பார்ப்பாள்.

மூன்றாவது நாவலில் கொலையாளி ஒரு நர்ஸ். ஊசி போட்டுக் கொல்கிறாள். எழுதுகிறவள் தரப்பையும் கேட்டுவிடுங்கள். ஊசியைப் பற்றி எழுத வேண்டுமானால் ஊசி தெரிந்த ஆளைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும். அவளுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்திதான். அக்காவுக்கு வலது கன்னத்தில் மச்சம்; நாவலின் நர்ஸுக்கு இடது கன்னத்தில். இதற்கு மேல் என்னத்தை மாற்றுவது. பேசும்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "சரி, மேல சொல்லு" என்பது உலகத்தில் எத்தனையோ பேருக்கு உள்ள வழக்கம். [எத்தனை பேருக்கு?]

5

விசாரணையை நீதிபதியின் முறைப்படியே தொடங்கினாள். மூட்டையைத் தூக்கிக் கணவர் மடியில் வைத்தாள். அது உடனே சுருண்டு குறட்டை விட்டது. அவர் நிரபராதி. பிறகு, சரிபார்ப்பதற்காகத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூட்டை அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று.

(இதை நாவலில் எழுதியிருந்தால் பதிப்பாளர் நல்ல திருப்பம் என்றிருப்பார். எழுதுகிறவள் முறை சரியில்லை என்று முடிவு செய்தாள்.)

அடுத்து அக்கா. அக்கா மடியில் மூட்டையை வைத்துச் சோதிக்க வழியில்லை. எழுதித்தான் பார்க்க வேண்டும்.

அக்கா பிடிவாதக்காரி, சின்ன விஷயத்தைக்கூட மனதில் வைத்துக்கொண்டு

(இல்லை.)

அக்காவைப் பொறுத்தவரை அவள் செய்ததும்

(இதுவும் இல்லை.)

அக்கா தங்கமானவள். உள்ளங்கையில் அடங்கும் குழந்தைக்கு, தூக்கம் கலையாமல் நகம் வெட்டிவிடத் தெரிந்தவள். எத்தனையோ பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே கீறிக்கொள்ளாமல் வீடு போய்ச் சேர்ந்தது அவளால்தான். [இந்த வரி வேண்டாம். எடுத்துடு.]

இந்த வாக்கியத்துக்குப் புள்ளி வைக்கும்போதுதான் எழுதுகிறவளுக்கு விஷயம் உறைத்தது. நீதிபதியாக இருந்திருந்தால் மூன்றாம் பிரிவிலேயே முடித்திருக்கும்.

ஆனால் மூட்டை மாதிரி முரண்டு பிடிக்கும் பூனைக்கு ஒருவர் போதாது. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும். பிடித்தது யார்?

6

சாப்பாட்டு மேசையில், கணவரின் முழங்கைக்குக் கீழே சிவப்பாகக் கீறல் தெரிந்தது.

"அது என்ன?"

"ஆபீஸ்ல ஸ்டேப்ளர் பட்டுது."

"ஸ்டேப்ளர் நாலு கோடாவா இழுக்கும்?"

ஊரார் பொய்யையெல்லாம் பிடிக்கிறவருக்கு ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்ல வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னொரு பின்னங்கால். அது இன்னும் வெட்டல."

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"மூட்டை நொண்டிச்சு. நீ பாக்கல. வயசான பூனைக்கு நகம் வளைஞ்சு வளர்ந்து பாதத்துக்குள்ளயே குத்திக்குமாம். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. தூக்கிட்டு இறங்கினேன், படியில உங்க அக்கா எதிர்ல வந்தாங்க. ஒண்ணும் கேக்கல. வாங்கி மடியில போட்டுக்கிட்டாங்க. ஒரு தடவைக்கு ஒரு காலுக்கு மேல அது காட்ட மாட்டேங்குது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அவங்கதான் வேண்டாம்னாங்க. 'சொன்னா அதையும் எழுதிடுவா'ன்னாங்க." [சொன்னேன்ல.]

உள்ளே மேசைமேல் இந்தக் கதையின் முதல் ஐந்து பிரிவுகள் கிடந்தன.

"ஒரு கதையில கொலைகாரியா எழுதினதுக்கு இத்தனை வருஷக் கோபமா?" என்றாள்.

"அதுக்கில்ல. வார்டுல எல்லாரும் கிண்டல் பண்ணினப்ப அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்களாம். கடைசிப் பக்கந்தான். ஜெயில்ல அவளைப் பாக்க யாருமே வரலைன்னு முடிச்சிருக்கியாமே."

அப்படி ஒரு வரி எழுதிய ஞாபகமே இல்லை. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். இருந்தது. 'கடைசிவரை அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.' பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் சேர்த்ததாகத்தான் இருக்கும். அந்த வரியை அக்கா நேர் கீழே தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள். எழுதுகிறவளுக்கு நெஞ்சை அடைத்தது. (இந்த வகைக் கதையில் ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால் அடுத்த பக்கத்தில் போலீஸ் வரும். இங்கே யாரும் வரவில்லை. வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.)

7

பதிப்பாளர் தினமும் கூப்பிடுகிறார். ஆகவே முடிவுகள்.

முடிவு அ: அக்காவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கால்நடை மருத்துவரைப் போடுவது. ஆண், மனைவியை இழந்தவர், கனத்த குரல், சுத்தமான விரல்கள். பதிப்பாளர் பூரித்துப்போவார். அட்டையில் இரண்டாவது கோப்பை வரும்.

முடிவு ஆ: அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுவது, நடுவில் மூட்டை நசுங்குவது. தொகுப்புக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. ஆனால் அக்கா யாரையும் கட்டிக்கொள்கிற ரகமில்லை, பச்சைக் குழந்தையைத் தவிர. [பூனையும்.]

முடிவு இ: எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, மூட்டை தின்றதையும் தூங்கியதையும் மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவது. அக்கா விஷயத்தில் இதுதான் நியாயம். ஆனால் இத்தனை நாவல்களில் ஒரு நிஜ மனுஷியையாவது எழுதியிருக்கிறாளா? கலை என்பது உண்மையை நேருக்கு நேர்

(எழுதுகிறவர்கள் தாங்கள் எடுத்துக்கொண்டதற்கெல்லாம் இப்படித்தான் பெரிய பெயராக வைப்பார்கள். நிறுத்திக்கொள்கிறாள்.)

8

எழுதுகிறவள் இப்போது கீழே இறங்குகிறாள்.

உண்மையில் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இறங்குகிறாள் என்று எழுதிவிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும், அட்டையில் கோப்பை போட்டது போல.

இரண்டு கையிலும் மூட்டை. கக்கத்தில் இந்தத் தாள்கள். துணைக்குக் கணவரைக் கூப்பிட்டாள். இருக்கிற தோல் போதும், இனிமேல் பிடிக்க வரமாட்டேன் என்றுவிட்டார். அழைப்புமணியை அழுத்தக் கை இருக்காது, காலால்தான் கதவைத் தட்ட வேண்டும். யாரையோ கைது செய்ய வந்தது போல இருக்கும்.

கதவு திறந்தால் என்ன சொல்வது? இவள் கதைகளில் எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள். மன்னிப்பு என்று யாரும் கேட்டதில்லை. அதனால் அந்த வசனம் கைக்கு வரவில்லை. "இன்னும் ஒரு கால் பாக்கி இருக்கு. நான் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லலாம். பார்க்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதற்கு அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்ன சொல்வாள் என்பதை இவள் எழுதப்போவதில்லை. அக்கா வாயில் இவள் வார்த்தைகளைப் போட்டது போதும். உங்களுக்கு முடிவு கட்டாயம் வேண்டுமென்றால் நீங்களே

(இங்கே எழுந்துவிட்டாள்.)

அச்சுக்குப் போகும் முன் சேர்த்தது

சதுர அடைப்புக்குறிக்குள் வரும் திருத்தங்கள் எழுதுகிறவளுடையவை அல்ல. தாள்கள் கொஞ்ச நாள் கீழ் வீட்டில் இருந்தன. போட்டிருந்தபடியே அச்சிட்டிருக்கிறது. எடுக்கச் சொன்ன வரியை மட்டும் எடுக்கவில்லை. [பாத்தேன்.]

மூட்டையின் நாலாவது காலும் ஆயிற்று. யார் பிடித்தார்கள், யார் வெட்டினார்கள், அப்புறம் என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் எழுதக் கூடாதாம்.

[கூடாது.]