மடி மட்டும் பஸ்ஸுல வந்துச்சு

சங்கரன்கோவில்ல சொந்த விமானம் வச்சிருக்கிறவங்க பஸ்ஸுக்குப் பின்னாலதான் பறக்கணும். வானத்துல வழி எழுதிப் போட்டிருக்காது, பஸ்ஸுக்குத்தான் வழி தெரியும். பஸ் நின்னா விமானமும் அந்தரத்துல நிக்கணும்.

தெய்வநாயகமும் அன்னைக்கு எட்டரை பஸ்ஸுக்குப் பின்னால கெளம்புனாரு. கோவில்பட்டியில தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. பத்தரைக்குள்ள தாய்மாமன் மடியில பிள்ளைய உக்கார வச்சாத்தான் ஆசாரி ஊசியத் தொடுவாரு. தங்கச்சி இசக்கிக்கு அண்ணன் இவரு ஒருத்தர்தான். நேரம் தவறுனா, மாப்பிள வீட்டுக்காரங்க ஆயுசுக்கும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க.

விமானத்துல கோவில்பட்டிக்குப் போறதுக்குத் தடையில்ல. எறங்கத்தான் எடமில்ல. மேலேயே ஒரு சுத்து சுத்திட்டு, திரும்பி வந்து சங்கரன்கோவில்ல எறங்கி, அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போகணும். இருந்தாலும், சொந்த விமானம் இருக்கையில தாய்மாமன் வெறும் பஸ்ஸுலயா போறது?

கழுகுமலையில பஸ் நின்னுச்சு. டிரைவர் டீ குடிக்கப் போனாரு. தெய்வநாயகம் எஞ்சினை அணைச்சிட்டு மேலேயே நின்னாரு. கண்டக்டர் கோமதிநாயகம் அண்ணாந்து பாத்தாரு.

"அண்ணாச்சி, எறங்கி பஸ்ஸுல ஏறிருங்களேன். எடம் கெடக்கு."

"ஏறிட்டா விமானத்த யாரு ஓட்டுவா?"

"நீங்கதான் பஸ்ஸுல வாறீகளே, அத எதுக்கு ஓட்டணும்?"

தெய்வநாயகம் யோசிச்சாரு. சரி மாதிரியும் இருந்துச்சு, எங்கயோ இடிக்கிற மாதிரியும் இருந்துச்சு. அதுக்குள்ள போன் அடிச்சுது. இசக்கி.

"அண்ணே, எங்க இருக்கே?"

"கழுகுமலைக்கு மேல."

"நம்ம சித்தப்பா சைக்கிள்ல வந்து ரெண்டாவது பந்தியில உக்காந்துட்டாரு. நீ மேலேயே இரு!"

"விமானம் வேகமான விமானம்தான் தாயி. பஸ்ஸுதான் நிக்குது."

"அப்ப மடிய மட்டும் குடுத்து விடு. பஸ்ஸு பத்தேகாலுக்கு வந்துரும்."

அது நியாயமாப் பட்டுச்சு. தெய்வநாயகம் எந்திரிச்சு மடியக் கழத்தி, வேட்டி மடிப்புக் கலையாம ஒரு மஞ்சப்பையில வச்சு, கயித்துல கட்டி எறக்குனாரு. கோமதிநாயகம் வாங்கி ஜன்னலோர சீட்டுல வச்சாரு.

"படிக்கட்டுப் பக்கம் வேண்டாம்பா, தூக்கித் தூக்கிப் போடும்."

"பயப்படாதீங்க அண்ணாச்சி, டிரைவருக்குப் பின்னாலதான்."

பஸ் கெளம்புச்சு. பத்தேகாலுக்குக் கோவில்பட்டி வந்து, மடி எறங்கிப் போயிருச்சு. தெய்வநாயகம் மண்டபத்துக்கு மேல சுத்திக்கிட்டே இருந்தாரு. பத்தே முக்காலுக்குப் போன் வந்துச்சு.

"குத்தியாச்சுண்ணே. பிள்ள அழவே இல்ல. மடியிலயே தூங்கிட்டா."

"மாப்பிள என்ன சொன்னாரு?"

"தாய்மாமன்னா இப்படித்தான் இருக்கணுமுன்னாரு. ஒரு பேச்சு பேசல, சாப்பாட்டுல கொற சொல்லலேன்னு அவங்க ஆத்தாளுக்கும் ரொம்ப சந்தோசம்."

"சரி, மடிய எப்ப அனுப்புவ?"

"எங்க ஓரகத்தி மகனுக்கு வைகாசியில காதுகுத்து. அவளுக்கு அண்ணன் தம்பியே கெடையாதுல்ல? அது வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நீ நின்னுக்கோ."

தெய்வநாயகம் சரின்னாரு. நின்னுக்கிட்டே விமானத்தத் திருப்புனாரு.