மயிலாளுக்கு யார் குரல் கொடுப்பது

வயிற்றெரிச்சலுக்கு மோர் குடித்தால் ஆறும் என்பார்கள். அனுசுயாவுக்கு வந்தது மோருக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை கண்ணுகளா. செத்துப்போன சிநேகிதியில் பங்கு கேட்டு இன்னொருத்தி வந்து நின்றால் வரும் பாருங்கள், அந்த எரிச்சல்.

நடந்தது இரண்டாயிரத்து ஏழில். அனுசுயா அப்போது வேலம்பாளையத்தில் பத்து மெஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் அவளோடு எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவர்கள் மொத்தம் இருபத்து நாலு பேர். இருபத்தோரு வருஷம் கழித்து எல்லாரும் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் கூடுவதென்று முடிவாயிற்று. திருப்பூரில் கூடுகிறவர்கள் ஒரே மாதிரிப் பனியன் போடாமல் கூடுவார்களா? ஏற்பாடு செய்த அருள்செல்வன் பழைய வகுப்புப் பட்டியலை அனுப்பிவைத்தான். முதுகில் அவரவர் பேர், அளவு மட்டும் அனுசுயா பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவளும் போட்டாள். சில பேருக்குப் போனில் கேட்டாள், சில பேருக்கு நினைவிலிருந்து எழுதினாள். எழுத எழுத அத்தனை பேரும் பழைய பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மயிலாள் பேருக்கு நேராக, கை தானாக ‘எம்’ என்று எழுதிவிட்டது. இறந்துபோன இன்னும் மூன்று பேருக்கும் அப்படியே.

தப்பு தெரிந்தது மறுநாள்தான். கட்டிங் மாஸ்டர் தவசி துணியை வெட்டிக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்.

"இருபத்து நாலும் வெட்டியாச்சுங்க."

"ஐயோ, இருபதுதானுங்க தவசி! நாலு பேரு தவறிட்டாங்க."

"அதென்னமோ எனக்குத் தெரியாதுங்க. லிஸ்ட்டுல பேரு இருந்தா பீஸு உண்டு." தவசி கத்தரியை மாட்டிவிட்டு டீக்குப் போய்விட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் போனில் அருள்செல்வன் அந்த நாலு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "தைச்சுருங்க அனுசுயா. கந்தவேல் சார் நம்ம அட்டெண்டன்ஸ் நோட்ட இன்னும் வெச்சிருக்காருங்க. அன்னைக்கு அவரு பேரு கூப்பிடட்டும். இல்லாதவங்க பேரையும் கூப்பிடட்டும். அவங்களுக்கு நெருக்கமா இருந்த ஒருத்தரு எந்திரிச்சு பிரசன்ட் சொல்லி அந்தச் சட்டைய வாங்கிக்கட்டும்."

அனுசுயாவுக்கு மயிர் சிலிர்த்தது. மயிலாளுக்குப் பிரசன்ட் சொல்ல அவளைத் தவிர வேறு யார்? இரண்டு வருஷமும் விடுதியில் ஒரே அறை. மயிலாள் தூக்கத்துக்கே பிறந்தவள். முதல் மணி கந்தவேல் சார் வகுப்பு. அந்த நேரத்தில் மயிலாள் போர்வைக்குள் இருப்பாள். கடைசி பெஞ்சில் குனிந்துகொண்டு, தொண்டையைச் சன்னமாக்கி, கொஞ்சம் கொட்டாவி கலந்து "பிரசன்ட் சார்" என்று இழுப்பது அனுசுயா. வராத ஆளுக்கு வந்த கணக்குக் காட்டுகிற அந்தத் திருட்டுக்குப் பேர் பிராக்சி. ஒரு நாளும் மாட்டியதில்லை.

அந்த ஒரு சட்டையை அவள் டெய்லரிடம் விடவில்லை. தானே உட்கார்ந்து தைத்தாள், தானே பிசிறு வெட்டினாள், இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். மயிலாள் வயிற்றில் புற்று வந்து போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அவளுக்கென்று செய்ய இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் முதலில் வந்து இறங்கியவள் செல்லத்தாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவள். விடுதியில் பக்கத்து அறை. பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று ஒருத்திக்கும் பிராக்சி கொடுக்காத உத்தமி. இப்போது ஊத்துக்குளியில் டீச்சர். மயிலாள் வாக்கப்பட்டதும் ஊத்துக்குளிதான். அந்த ஒரு விஷயம் அனுசுயாவுக்கு எப்போதுமே கொஞ்சம் உறுத்தும்.

"வாங்க. சௌக்கியங்களா?" என்றாள் அனுசுயா.

எங்கள் பக்கத்து ‘ங்க’வைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது மரியாதைதான். ஆனால் ஒரு காலத்தில் "ஏம்புள்ள" என்று கூப்பிட்டவளை "வாங்க" என்றால், அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது.

"என்னட்டி, என்னையப் போயி வாங்க போங்கங்கே?"

"வயசாயிருச்சுங்கல்ல," என்று அனுசுயா சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது.

அதற்குள் அருள்செல்வன் ஒரு காகிதத்தோடு வந்தான். "தவறுனவங்களுக்கு யாரு சொல்றதுன்னு எழுதியாச்சுங்க. முனீசுக்கு மாதவன். மயிலாளுக்குச் செல்லத்தாய்…"

சூடான இஸ்திரிப் பெட்டியை நெஞ்சில் வைத்து அழுத்தியது போல இருந்தது அனுசுயாவுக்கு. "யாரக் கேட்டுங்க எழுதுனீங்க?"

"அவங்களே போன வாரம் கேட்டு வாங்கிட்டாங்க. கடைசி வரைக்கும் கூட இருந்தவங்க அவங்கதானுங்களே?"

கடைசி வரைக்குமா? அனுசுயா விறுவிறுவென்று சட்டைகள் வைத்திருந்த அறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே செல்லத்தாய் வந்தாள். நாலு சட்டைகள் தனியாக மேசை மேல் இருந்தன. மயிலாளுடையதை எடுத்து உதறி, கழுத்துப் பட்டையில் அளவைப் பார்த்தாள்.

"‘எம்’ அளவா போட்ட? இது பெருசுட்டி. கடைசில பத்து வயசுப் பிள்ளைக்கு எடுக்குற சட்டைதான் அவளுக்குச் சேர்ந்துச்சு. நான்தான் வாங்கிட்டுப் போவேன்."

அனுசுயா சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"எனக்கெப்படீங்க தெரியும்? ஞாயித்துக்கெழமை தவறாம நான் போன் பண்ணுனேன். எட்டு மாசம். நேர்ல வாரேன்னா, ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறாங்க, முடியட்டும்பா. சிரிப்பா. எந்த ஊட்டுக்குங்க எட்டு மாசம் சுண்ணாம்பு அடிப்பாங்க? நான் ஒரு கிறுக்கி, நம்பிட்டு இருந்தேன். கருமாதிக் கடுதாசி வந்துதானுங்க எனக்கு விஷயமே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? முழுசா உங்களுக்கே வேணும்னு வெச்சுக்கிட்டீங்க!"

செல்லத்தாய் முகம் சிவந்தது.

"நானா வச்சுக்கிட்டேன்? ஞாயித்துக்கெழம நீ போன் பண்ணுததுக்கு முன்ன அவ என்ன செய்வா தெரியுமா? வாயக் கொப்புளிச்சு, இருக்குற நாலு முடியச் சீவி, பவுடர் போட்டுக்கிடுவா. போன்ல பேசுததுக்குப் பவுடர்! அவகிட்டச் சொல்லித் தொலையேன்னு நானும் எத்தன மட்டம் சொன்னேன். ‘வேண்டா செல்லம், அந்த ஒருத்திகிட்டயாவது நான் பழைய மயிலாளாவே இருந்துட்டுப் போறனே’ன்னா."

அனுசுயா சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"நீ போன வச்ச பெறவு செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவா. எங்கிட்ட ஒரு பேச்சு கெடையாது. சேத்து வச்ச சிரிப்பெல்லாம் ஒனக்கு, வாந்திச் சட்டி எனக்கு. எனக்கு வயிறு எரியாதாட்டி?" அவள் குரல் இறங்கியது. "அவளுக்கு முடியல, முடியலன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கெடந்தேன். ஒரே ஒரு தடவ, அவ வந்திருக்கா, இங்கதான் இருக்கான்னு என் வாயால சொல்லணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் கேட்டேன்."

இதைக் கேட்டதும் அனுசுயாவின் மனசு குளிர்ந்தது என்று சொன்னால் அது பொய். வாந்திச் சட்டிக்கு யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்காதீர்கள். அனுசுயா பட்டாள். தனக்குக் கிடைத்தது பவுடர் போட்ட குரல் மட்டும். ஆள் முழுக்க இவளுக்குப் போயிருக்கிறாளே என்று பட்டாள். ஆனால் எதிரே நிற்கிறவளுக்கும் அதே நோய்தான் என்று தெரிந்த பிறகு, முன்போல முறைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சட்டையை மடித்து, மற்ற மூன்றோடு மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பேர் கூப்பிட்டார்கள். கந்தவேல் சாருக்கு எழுபத்தெட்டு வயது. மஞ்சள் ஏறிய நோட்டை மூக்குக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பேராகப் படித்தார். முனீசுக்கு மாதவன் எழுந்து சொல்லிச் சட்டையை வாங்கிக்கொண்டான்.

"மயிலாள்."

செல்லத்தாய் எழுந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"மயிலாள்," என்றார் சார் மறுபடியும்.

அடுத்த நாற்காலியில் அனுசுயாவுக்குத் தொண்டை தானாகச் சன்னமாயிற்று. இருபத்தோரு வருஷம் ஆனாலும் அந்தக் கொட்டாவிகூட வந்து பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. ஒரு மூச்சு விட்டால் போதும். சட்டை தனக்கு, பேர் தனக்கு. யார் கேட்கப் போகிறார்கள்?

எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். செல்லத்தாயின் முழங்கையைக் கிள்ளினாள்.

"சொல்லு புள்ள."

"வரமாட்டேங்குட்டி."

"வரும். தூங்கி எந்திரிச்ச மாதிரி இழுத்துச் சொல்லு."

செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "பிரசன்ட் சார்!" வகுப்பில் சத்தம் போடும் பிள்ளைகளை அதட்டுகிற டீச்சர் குரல். மண்டபமே எதிரொலித்தது.

கந்தவேல் சார் நோட்டை இறக்கிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மயிலாள் குரல் இது இல்லீங்களேம்மா. அந்தப் பொண்ணு நல்லா இழுத்து, சன்னமா, தூக்கக் கலக்கத்துல சொல்லும். ரெண்டு வருஷம் தினம் கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அனுசுயாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எழுந்து நின்றாள்.

"அவளுக்குச் சளிங்க சார்."

சுற்றிலும் கொல்லென்று சிரித்தார்கள். சாரும் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து, மயிலாள் பேருக்கு நேராக, வந்ததற்கு அடையாளமாக ஒரு கோடு போட்டார். அருள்செல்வன் சட்டையைக் கொண்டுவந்து செல்லத்தாயின் கையில் கொடுத்தான்.

அவள் உட்கார்ந்ததும் அனுசுயா காதருகே குனிந்தாள்.

"பாத்தியா புள்ள? ஒரே ஒரு தடவ பிராக்சி குடுத்த, மாட்டிக்கிட்ட," என்றாள். "என்னைய மனுசன் கடைசி வரைக்கும் கண்டுபுடிக்கவே இல்ல."